நூறு அடி தள்ளி நின்ற ஏழாம் கல்

அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஏழாம் கல் வெறும் கல். தொடை உயரம், அரைவட்டத் தலை, நெற்றியில் ஒரு 7. ஆனால் கல்லக்காவைக் கேட்டால், கண்ணுக்குத் தெரிவது பாதிக் கல்தான் என்பாள். மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. மேல் பாகம் வழவழப்பு. அடிப்பாகத்தில் உளி பட்ட இடமெல்லாம் அப்படியே கரடுமுரடாகக் கிடக்கும். மண்ணுக்குள் போவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தக் காலத்துக் கல்தச்சன் மெனக்கெடாமல் விட்டுவிட்டான். அந்த அடிப்பாகத்தைப் பார்த்தவர்களில் இப்போது ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கல்லக்கா. இன்னொருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட மேஸ்திரி.

கல்லக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. நெடுஞ்சாலை அலுவலகத்தில் சாலைப் பணியாளராகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பள்ளம் அடைப்பது, ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, வாய்க்கால் அடைப்பை எடுப்பது எல்லாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்யும் வேலை. கல்லுக்கு வர்ணம் அடிப்பது மட்டும் அவள் தனி வேலை. வருஷத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு, ஒரு தகரச் சுரண்டியும் இரண்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஐந்தாம் கல்லிலிருந்து பத்தாம் கல் வரை ஆறு கல்லும் அவள் கையில் குளிக்கும். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

சுரண்டும்போது கல்லின் கதையெல்லாம் தோல் தோலாக உரிந்து வரும். மேலே வெள்ளை. அதற்குக் கீழே மஞ்சள், நாடு முழுக்க மஞ்சள் அடிக்கச் சொன்ன வருஷங்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு அடுக்கு பச்சை. யாரோ ஒரு அதிகாரி கிடங்கில் மிஞ்சிய பச்சையைத் தீர்க்கச் சொன்னாராம். அந்த வருஷம் ஆறு கல்லும் கிளி மாதிரி நின்றன என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பச்சைக்கும் கீழே போனால் வர்ணமே இல்லை. செதுக்கிய எண்ணில் மை மட்டும் பூசிய காலம். மாட்டு வண்டிக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்ததில் வலது ஓரம் தேய்ந்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு சில்லு இல்லை. அது லாரி வந்த பிறகு நடந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் கல்லை வைத்துத்தான் சொல்வார்கள். மரம் விழுந்தால், "ஏழாம் கல்லுக்கு அந்தப் பக்கம் நானூறு அடி." குழாய் உடைந்தால், "எட்டாம் கல்லுக்கு இந்தப் பக்கம் அறுபது அடி." கல்லிலிருந்து அளப்பார்களே தவிர, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே யாரும் அளக்க மாட்டார்கள். நாடெல்லாம் கிலோமீட்டருக்கு மாறியும் அந்தச் சாலையில் மட்டும் பழைய மைல் கல்தான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் ஒரு மைல். ஐயாயிரத்து இருநூற்று எண்பது அடி. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஏழாம் கல் விஷயத்தில் சந்தேகப்பட நூற்று ஐந்து அடி இருந்தது. அது கல்லக்காவுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

அந்த வருஷம் பெய்த மழையில் சாலையின் ஓரமே அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஏழாம் கல் இருந்த இடத்தில் ஒரு லாரி இறங்கி நிற்கிற அளவுக்குப் பள்ளம். பள்ளத்தை மண்ணைக் கொட்டித் தூர்த்தார்கள். கல்லைத் தேடி இரண்டு நாள் அலைந்து, கீழே ஓடையில் குப்புறக் கிடந்ததைக் கண்டுபிடித்து, ஆறு பேர் கம்பியில் கட்டித் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் அதன் அடிப்பாகத்தைப் பார்த்தது. மறுநாள் காலை வெள்ளச் சேதம் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மேஸ்திரிக்குக் கை கால் ஓடவில்லை.

"கல்லு இல்லாத ரோட்டை அந்த ஆளு பார்த்தாருன்னா, குறிப்பு எழுதியே என்னைக் கொன்னுடுவாரு. இன்னைக்கே நட்டாகணும்."

"எங்கே நடுறது மேஸ்திரி? பழைய குழியே இல்லையே."

"ஆறாம் கல்லிலேருந்து அளந்துட்டு வருவோம். அளந்தா தானா வந்துட்டுப் போகுது."

அளக்கும் இரும்பு நாடா அலுவலகக் கிடங்கில் இருந்தது. கிடங்குக்குப் போகிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கையில் இருந்தது ஒரு நூல் கயிறு. நூறு அடி, பத்து அடிக்கு ஒரு முடிச்சு. புல் செதுக்க ஆள் ஆளுக்குப் பங்கு பிரிக்கும் கயிறு. தூறலில் நனைந்துகொண்டே அளந்தார்கள். முன் நுனி கல்லக்கா கையில், பின் நுனி மேஸ்திரி கையில். ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு கூழாங்கல்லை இடது மடியிலிருந்து வலது மடிக்கு மாற்றினாள். ஐம்பத்திரண்டு கல், பிறகு எட்டு முடிச்சு. ஒன்று கூடத் தப்பவில்லை. இருட்டுவதற்குள் கல்லை நட்டு, மண்ணை மிதித்து, நெற்றியைத் துடைத்து விட்டார்கள். மறுநாள் வந்த பெரிய அதிகாரி காரை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த வாரம் அவள் அந்தக் கயிற்றை அலசினாள். சேறு போக நன்றாக அலசி, அலுவலக முற்றத்தில் இழுத்துக் கட்டும்போது ஒரு முடிச்சு நைந்திருந்தது. மாற்றிக் கட்டலாம் என்று இரும்பு நாடாவைப் பக்கத்தில் வைத்தாள். ஈரக் கயிறு தொண்ணூற்றெட்டு அடி இருந்தது. மறுபடி வைத்தாள். தொண்ணூற்றெட்டு. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு அதே கயிறு நூறு அடியில் சாதுவாக நின்றது.

நனைந்தால் நூல் கயிறு சுருங்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டில் துவைத்த பாவாடை நாடாவில் அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். ரோட்டில் வைத்து யோசிக்கத் தோன்றவில்லை. சுவரோரம் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். கயிறுக்கு இரண்டு அடி. ஐம்பத்திரண்டு கயிறு. மிச்சத்தையும் சேர்த்தால் நூற்று ஐந்து அடி. கல் ஊர்ப் பக்கமாக அத்தனை தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது.

மேஸ்திரியிடம் ஓடினாள். அவர் கயிற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"இதனால யாரு குடி முழுகிப் போச்சு? கல்லு நிக்குதா? நம்பர் தெரியுதா? விடு. நீயும் விடு, நானும் விட்டுட்டேன்."

யார் குடியும் முழுகவில்லைதான். ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொஞ்சம் குழப்பம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் தினமும் காலையில் அந்தச் சாலையில் ஓடுவார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே தன்னைப் போல யாரும் ஓட முடியாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். "ஏழு தாண்டினா மட்டும் கால் கனக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாத மேடு ஒண்ணு இருக்கு போல." கல்லக்கா புல்லைச் செதுக்கிக்கொண்டே, "இருக்கும் சார், இருக்கும்" என்பாள்.

இப்படிப் பத்தொன்பது வருஷம் ஓடியது. கல்லக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் என்ற நிலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் நாத்தனார் வீட்டுச் சுவரில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

நாத்தனார் தையல்காரி. கணவன் போன பிறகு ஒரு தையல் மெஷினோடு தொடங்கி, இப்போது மூன்று மெஷின். முன் அறை கடை, பின்னால் இரண்டு அறை வீடு. ஏழாம் கல்லைத் தாண்டி இருநூறு அடியிலிருந்து முந்நூறு அடிக்குள், இடது கைப் பக்கம். வாய் என்றால் வாய், கத்தரிக்கோலே தோற்கும். அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். பாதி நேரம் அது சண்டைதான்.

அன்று காலை அவள் வந்து நின்ற வேகத்தில் கல்லக்கா வாயில் இருந்த தேநீரை விழுங்க மறந்தாள்.

"அண்ணி! உங்க ஆபீஸ்காரங்களுக்கு வேற வேலை இல்லையா? என் சுவருதான் கிடைச்சுதா படம் போட?"

"என்ன படம்?"

"பெருக்கல் படம்! பஸ்சு ஒதுங்கி நிக்க இடம் எடுக்கிறாங்களாம். ஏழாம் கல்லிலேருந்து இருநூறு அடி, முந்நூறு அடின்னு என்னமோ வாசிச்சான். எல்லாம் இடிக்கணுமாம். சரிடா, எனக்கு என்ன குடுப்பேன்னு கேட்டா, என்ன சொல்றான் தெரியுமா? வரைபடத்துல இந்த இடத்துல வீடே இல்லையாம். காலி மனையாம். நான் ரோட்டு நிலத்தை வளைச்சுப் போட்டு வீடு கட்டியிருக்கேனாம்!"

"உன்கிட்டே பத்திரம் இருக்கே."

"காட்டினேன். பத்திரத்துல இருக்கிற இடம் வேறயாம். முப்பது வருஷமா வேற யாரோட வீட்டிலேயோ படுத்துத் தூங்கியிருக்கேன், அண்ணி. சொன்னா எழுந்து போயிருப்பேனே! பதினஞ்சு நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுக்கணுமாம். நீங்க அங்கேதானே வேலை பார்க்கிறீங்க. யார்கிட்டேயாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலைக் கல்லக்கா அதுவரை ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில், நாத்தனாரின் கணவன் போன அன்று.

நாத்தனார் போன பிறகு கல்லக்கா பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று யோசித்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வரைபடம் தலைமை அலுவலகத்தில் இருப்பது. கல் பழைய இடத்தில் இருந்தபோது வரைந்தது. அதில் இருநூறு அடி என்றால், உண்மையான ஏழாம் கல்லிலிருந்து இருநூறு அடி. அந்த இடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாத்தனார் வீட்டைத் தாண்டி, புதரும் உடைந்த கொட்டகையுமாக ஒரு அரசு மனை. அங்கேதான் பஸ் நிற்க வேண்டும். மை அடிக்க வந்தவர்களோ இப்போதைய கல்லிலிருந்து அளந்திருக்கிறார்கள். நூற்று ஐந்து அடி முன்னாலேயே தொடங்கி, நேராக மூன்று தையல் மெஷின் மேல் போய் இறங்கியிருக்கிறார்கள்.

வீட்டை இடிக்கப் போவது அலுவலகம் இல்லை. தன் நனைந்த கயிறு.

அன்று மாலையே மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு குடையின் ஒடிந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

"உன் நாத்தனாரா? அந்த வாயா? இடிச்சா ஊருக்கே நிம்மதி."

"மேஸ்திரி!"

"சரி, சரி. வாய் தவறி வந்துடுச்சு." குடையை மடியில் வைத்தார். "இதோ பாரு, சொன்னா என்ன ஆகும்? எட்டு மாசத்துல உனக்கு ஓய்வு. தெரிஞ்சே மறைச்சதுக்கு நோட்டீஸ் வரும். ஓய்வூதியத்தை நிறுத்தி வெப்பாங்க. எனக்கு வர்றதையும் பிடிப்பாங்க. எனக்கு எழுபத்தி மூணு வயசு. இனிமே எந்தக் கயித்தைப் பிடிச்சுத் தொங்கறது?"

"அப்போ அவ வீடு?"

"பத்திரம் வெச்சிருக்கா. கோர்ட்டுக்குப் போகட்டும்."

"கோர்ட்டு முடியறதுக்குள்ளே சுவரு தரையோட தரையாயிடும் மேஸ்திரி."

குடையை விரித்துப் பார்த்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தே விரிந்தது. "நான் உன்கிட்டே ஒண்ணும் கேட்கலை. நீயும் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்குப் போம்மா" என்றார்.

வீட்டுக்குப் போனாள். தூக்கம்தான் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். பகலில் புல் செதுக்கும்போது மண்வெட்டி காலுக்குப் பக்கத்தில் இறங்கியது. கூட வேலை செய்த பெண்கள், "கல்லக்கா கல்லாவே ஆயிட்டா" என்று சிரித்தார்கள். நாத்தனார் வீட்டுக்குப் போனால் அங்கே சிரிப்பு இல்லை. பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் கொடியில் தொங்கின. புதிதாகத் துணி வாங்குவதை அவள் நிறுத்திவிட்டாள். வெட்டும் மேசையில் துணிக்குப் பதில் பழைய காகிதங்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று பத்து வருஷமாக மறைத்தவள்.

பத்தாவது நாள் கல்லக்கா தன் கணவனிடம் சொல்லிவிட்டாள். அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். மத்தியானம் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் வரை லாரியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கயிறு, மழை, மேஸ்திரி, வரைபடம் என்று ஒன்று விடாமல் கொட்டினாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பயந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

"பத்தொன்பது வருஷமாவா?"

"ஆமாங்க."

"நான் போன மாசம் உன் டப்பாவிலேருந்து பணம் எடுத்ததை மறைச்சேன். ரெண்டு நாளுக்கு மேல தாங்கலை. நீ பத்தொன்பது வருஷம்! உன்னை நான் குறைச்சு எடை போட்டுட்டேன் போ."

"விளையாடாதீங்க. வேலை போயிடுமான்னு பயமா இருக்கு."

அவர் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார். "போனா போகட்டும்னு என்னால சொல்ல முடியலை. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ சொல்லலைன்னா அந்த வீட்டு வழியா இந்த லாரியை என்னால ஓட்ட முடியாது. வேற வழியே இல்லாத ரோடு அது." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. டப்பாவில் மீதி இருந்ததை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஆட்சேபணை கேட்கும் நாள். புதிதாக வந்த இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். காதில் பென்சில் செருகியிருப்பாள். அவள் அறைக்கு வெளியே போகும்போதே நாத்தனாரின் குரல் கேட்டது.

"காலி மனையா? அப்போ நான் என்ன, காத்துலேயா தைக்கிறேன்? போன வருஷம் உங்க ஆபீஸ் திரைச்சீலை தைச்சது நான்! தொட்டுப் பாருங்க, இருக்கா இல்லையா?"

"அம்மா, எனக்கும் புரியலை. அதைத்தான் சொல்றேன். படத்துல ஒரு உடைஞ்ச கொட்டகை இருக்கு. நேர்ல வந்தா உங்க வீடு இருக்கு. கொட்டகை எங்கே போச்சு?"

கல்லக்கா உள்ளே நுழைந்தாள்.

"மேடம், கொட்டகை எங்கேயும் போகலை. கல்லுதான் நகர்ந்துடுச்சு."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி சொல்லித்தான் நட்டேன் என்று சொல்லவில்லை. கயிற்றின் முன் நுனியைப் பிடித்தது நான், எண்ணியது நான், சுருங்கியது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது நான் என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடித்ததும் இன்ஜினியர் முகத்தைப் பார்க்காமல் காதிலிருந்த பென்சிலையே பார்த்தாள்.

பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. "எத்தனை அடின்னு சொன்னீங்க?"

"நூத்தி அஞ்சு மேடம். ஊர்ப் பக்கமா."

"வாங்க."

மூன்று பேரும் ஜீப்பில் ஆறாம் கல்லுக்குப் போனார்கள். இன்ஜினியர் கையில் கம்பு வைத்த ஒரு சக்கரம். தள்ளிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி என்று அதுவே காட்டும். ஆறாம் கல்லில் எண்ணை அழித்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். பின்னால் கல்லக்கா, அவளுக்குப் பின்னால் நாத்தனார். நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கல்லக்காவுக்குப் பெரிய பயம். ஒரு மைல் தூரம் அந்த வாய் மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

சக்கரம் டிக் டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. வழியில் ஓட்டக்காரர் எதிரே வந்தார். சக்கரத்தைப் பார்த்ததும் நின்று, "என்ன மேடம், நம்ம மைலை அளக்கிறீங்களா? அளங்க, அளங்க" என்று பெருமையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

ஏழாம் கல்லில் சக்கரம் நின்றது. மூன்று தலைகளும் குனிந்தன.

5175.

இன்ஜினியர் எண்ணை அழிக்காமல் அப்படியே மேலே தள்ளினாள். 5280 வந்ததும் பென்சிலால் தரையில் ஒரு கோடு போட்டாள். அங்கிருந்து பூஜ்யத்தில் தொடங்கி மறுபடி நடந்தாள். நூற்று இருபதில் நாத்தனார் வீட்டின் முதல் சுவர் வந்தது. நூற்று அறுபதில் கடைசிச் சுவர் போனது. பிறகு வேலி. பிறகு புதர். இருநூறில் சக்கரத்தை நிறுத்தித் தலையைத் தூக்கினால், எதிரே கூரை சரிந்து, ஒரு தூணில் மட்டும் நின்றுகொண்டிருந்தது கொட்டகை.

"இருக்கு!" என்று இன்ஜினியர் கத்தினாள். பிறகு, தான் அதிகாரி என்பது நினைவுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆனாலும் அடக்க முடியவில்லை. "பதினொரு நாளா நான் ஒழுங்கா தூங்கலைங்க. தலைமை அலுவலகத்துல படம் தப்புன்னா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. இங்கே வந்து பார்த்தா வீடு நிக்குது. இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடறது நான். எந்த முகத்தோட போடறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன்."

"அப்போ என் வீடு?" என்று நாத்தனார் கேட்டாள். குரல் மெலிந்திருந்தது.

"உங்க வீடு உங்க வீடுதான்மா. உங்க பத்திரமும் சரி, எங்க படமும் சரி. கல்லு மட்டும்தான் தப்பு."

நாத்தனார் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கல்லக்கா பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று தெரியவில்லை.

"பத்தொன்பது வருஷம்" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணன் தும்மினாக்கூட எங்கிட்டே வந்து சொல்ற ஆளு நீங்க. இதைச் சொல்லலை."

"சொல்லலை."

"இந்தப் பத்து நாளு என் பக்கத்துலேயே உட்கார்ந்து என் காகிதத்தை எல்லாம் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களே, அப்பவும் சொல்லலை."

"பயமா இருந்துச்சு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உங்களை இந்தக் கொட்டகைத் தூணிலேயே கட்டி வெச்சிடுவேன். ஆனா காய்ஞ்ச கயிறா கொண்டு வரணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. கல்லக்காவும் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியர் பெண் என்ன செய்வதென்று தெரியாமல், யாரும் கேட்காமலேயே, அந்தப் பக்கம் போய் எட்டாம் கல் வரை அளந்துவிட்டு வந்தாள். ஏழிலிருந்து எட்டு 5385. குறைந்த நூற்று ஐந்து அடி அங்கே கூடுதலாக இருந்தது.

சுவரில் இருந்த குறியை மறுநாளே சுண்ணாம்பு அடித்து அழித்தார்கள். கல்லக்காவின் விஷயம் அத்தனை சீக்கிரம் முடியவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். அது மேலே போனது. மேலே போனது ஒரு வாரம் கீழே வரவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் தபால் எடுத்து வரும் அலுவலக ஆளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாள் யாரும் எதிர்பாராமல் மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்தார். சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார். நேராக இன்ஜினியர் அறைக்குப் போய், "கயித்தோட பின் நுனியைப் பிடிச்சது நான். நடச் சொன்னதும் நான். அந்தப் பொண்ணு அன்னைக்கே வந்து சொன்னா. வாயை மூடச் சொன்னதும் நான்தான்" என்றார். எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு, எழுதியே கொண்டு வந்திருந்தார். வெளியே வந்தவர் கல்லக்காவைப் பார்த்து, "என்ன முறைக்கிறே? வீட்டுல குடை ரிப்பேரும் முடிஞ்சுபோச்சு. சும்மா உட்கார முடியலை" என்றார்.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இன்ஜினியர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னதே கல்லக்காவுக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை. இன்ஜினியர் வாசித்தாள். வெள்ள அவசரத்தில், சரியான கருவி கொடுக்கப்படாத நிலையில் நடந்த பிழை. ஊழியர் தாமாகவே முன்வந்து தெரிவித்ததால் தவறான நில எடுப்பு தவிர்க்கப்பட்டது. எச்சரிக்கையோடு விடப்படுகிறது. ஓய்வூதியத்துக்குத் தடை இல்லை. முன்னாள் மேஸ்திரி மீது மேல் நடவடிக்கை இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் இன்ஜினியர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இனிமேல் இந்தப் பிரிவில் எந்தப் பருவத்திலும் நூல் கயிறு கொண்டு தூரம் அளக்கக் கூடாது. எல்லா அலுவலகத்துக்கும் நகல் அனுப்பியிருக்காங்க."

கல்லக்கா காகிதத்தை வாங்கி இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். "'தடை இல்லை'ன்னு எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க மேடம்" என்று கேட்டாள். இன்ஜினியர் பென்சிலால் அடிக்கோடு போட்டுக் காட்டினாள்.

திங்கட்கிழமை கல்லைத் தோண்டி எடுத்தார்கள். உளி பட்ட அடிப்பாகத்தை இன்ஜினியர் முதல்முறையாகப் பார்த்துக் கைபேசியில் படம் பிடித்தாள். அங்கிருந்து நூற்று ஐந்து அடியும் கல்லைக் கைவண்டியில் வைத்துத் தள்ளினார்கள். மேஸ்திரி முன்னால் நடந்தார், கல்யாண மாப்பிள்ளையைக் கூட்டிப் போகிற மாதிரி. இரும்பு நாடாவை மூன்று தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குழி வெட்ட விட்டார். அளவு சரி என்று இன்ஜினியர் சொன்ன பிறகும் நாலாவது தடவை பிடித்தார். நாத்தனார் கடைப் படியில் நின்று, "கொஞ்சம் வலது பக்கம் சாயுது" என்று குரல் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை. ஆனால் அது உண்மையாகவே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. கல்லக்கா காலால் மண்ணைத் தள்ளி நிமிர்த்தினாள். பிறகு மண்டியிட்டு, நெற்றியைச் சுரண்டி, வெள்ளை அடித்து, கறுப்பில் ஏழு எழுதினாள்.

வர்ணம் காய்வதற்குள் அவள் கணவனின் தண்ணீர் லாரி வந்து நின்றது. "ஏறிக்கோ, வீட்டுல விடறேன்" என்றார். ஏறி உட்கார்ந்தாள். டப்பாவும் தூரிகையும் காலடியில். பேசிக்கொண்டே வந்தவள், எட்டாம் கல்லைத் தாண்டுவதற்குள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று வாரமாக அவள் இப்படித் தூங்கி அவர் பார்க்கவில்லை.

வீட்டுத் திருப்பம் வந்தது. அவர் திரும்பவில்லை. பள்ளம் இல்லாத பக்கமாக லாரியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, நேராகப் பத்தாம் கல் வரை போனார்.